‘நாங்கள்’ பாட்டும் ‘நாம்’ பாட்டும்: ஒதுக்குமுறைக்கு எதிரான போராட்டங்களில் இசையின் பங்கு

முன்னுரை

1959ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்திருந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்குப் பயின்ற பிள்ளைகள் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கையில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மற்றொரு தீண்டத்தகாதவர் என்று குறிப்பிட்டார். அச்சொல் முதலில் தம்மைத் திடுக்கிடச் செய்தது என்றும், பின்பு தம் நாட்டுக் கறுப்பின மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தபோது அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் கிங் 1965ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் தம் சபையில் ஆற்றிய அருளுரையில் எடுத்துக் கூறினார்.

இனமும் சாதியும் ஒன்றல்ல. நிறவேற்றுமை கண்ணுக்குப் புலப்படுவது. சாதி வேற்றுமையோ குடியிருக்கும் தெருவாலும், செய்யும் தொழிலாலும், மண உறவாலும் காக்கப்படுவது. ஆயினும் இரண்டும் மனிதரை ஒதுக்கி வைக்கும் முறைகள் வியக்கத்தக்க அளவில் ஒத்திருக்கின்றன. தனி இருக்கை, தனிக் குவளை, தனிக் கல்லறை ஆகியவற்றை இரு நாடுகளும் அறிந்திருந்தன; இரு நாடுகளின் திருச்சபைகளும் அறிந்திருந்தன. இவற்றை எதிர்த்து எழுந்த போராட்டங்களில் பாட்டு பெற்ற இடமும் ஒப்பிட்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழ்மொழி நமக்கு ஒரு கருவியை அளித்திருக்கிறது. பல மொழிகளில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழிலோ இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு சொல்லும்போது ‘நாம்’ என்கிறோம். கேட்பவரை நீக்கிச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்கிறோம். ஒடுக்கப்பட்டோரின் போராட்டப் பாட்டு பெரும்பாலும் ‘நாங்கள்’ என்று பேசுகிறது. திருச்சபையின் வழிபாட்டுப் பாட்டு பெரும்பாலும் ‘நாம்’ என்று பேசுகிறது. ‘நாங்கள்’ என்ற குரலைக் கேளாமலே ‘நாம்’ என்று பாடிய சபையில் பாட்டு சுவரை மறைக்கும் திரையாகவே இருந்தது என்பதையும், ‘நாங்கள்’ என்ற குரல் கேட்கப்பட்ட இடத்தில்தான் ‘நாம்’ என்பது மெய்யாகத் தொடங்கியது என்பதையும் புதுவைப் பகுதியின் வரலாற்றை நடுவாகக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் போன்ற நாட்டுப்புறங்களில் பணியாற்றப் போகும் மாணவர்களுக்கு இது வெறும் பழங்கதையன்று.

1. ஆலயத்திற்குள் எழுந்த சுவர்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு புதுவையின் அரசியல், வாணிக வரலாற்றுக்கு அரிய சான்று என்பதை அனைவரும் அறிவர். அது திருச்சபை வரலாற்றுக்கும் சான்றாகும். 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பதிவில், புதுவையில் இயேசு சபையாரின் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்ததையும், அதன் ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்களும் மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் அமர்ந்ததையும் பிள்ளை எழுதுகிறார். காரைக்காலிலிருந்து வந்த குருவானவர் தந்த ஊக்கத்தால் ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடி, தாங்களும் மற்றவர்களைப் போன்ற கிறிஸ்தவர்களே என்று மூத்த குருவானவரிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்களின் எதிர்ப்பு எழுந்தது.

இந்நிகழ்ச்சியில் ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சுவரின் இரு புறத்திலும் இருந்தவர்கள் ஒரே பூசையில் பங்கு கொண்டவர்கள். ஒரே மன்றாட்டும் ஒரே பாட்டும் இரு புறத்திலிருந்தும் எழுந்தன. ஓசை சுவரைத் தாண்டியது, பாடியவர்கள் தாண்டவில்லை. சுவர் விழுந்தது பாட்டினால் அன்று. ‘நாங்கள்’ என்று கூடி நின்று கேட்ட முறையீட்டினால் விழுந்தது.

இதைக் கத்தோலிக்கரின் குறையாகச் சுட்டிவிட்டு நாம் விலகிப் போக இயலாது. தரங்கம்பாடியில் 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில்தான் மக்கள் அமர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் இப்பிரச்சினை வெளிப்படையாக வெடித்தபோது, தமிழ்க் கிறிஸ்தவ இசையின் தந்தை என்று நாம் போற்றும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எப்பக்கம் நின்றார் என்பது நம்மை வருத்தமுறச் செய்யும் உண்மை. இளைய மிஷனெரிமார் இராப்போஜனத்தில் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்டதை எதிர்த்து, சாதி வழக்கத்தை ஆதரித்து 1829இல் அவர் விரிவாக எழுதினார். வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துதல், சாதிகளைக் கலக்கும்படி வற்புறுத்தல், திருமணத்திலும் அடக்கத்திலும் பூக்களை விலக்குதல், தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டிலிருந்து நீக்குதல் என்ற நான்கையும் அவர் ஒரே வரிசையில் வைத்துக் கொடுமைகள் என முறையிட்டார்.

இவ்வரிசையை எளிதில் தள்ளிவிடலாகாது. தமிழ் இசையை விலக்க முயன்ற அயல்நாட்டாரின் செருக்கை அவர் எதிர்த்தது நியாயமே. ஆனால் தமிழ்ப் பண்பாடு என்று அவர் காத்ததில் தமிழ்ப் பாட்டும் தனி இருக்கையும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். சாஸ்திரியாரின் பாடல்களோ எல்லாச் சாதியாருக்கும் உரியவையாயின. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் அவருடைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். இன்றளவும் நம் சபைகள் அவற்றைப் பாடி வருகின்றன. பாடல் அதை இயற்றியவரின் எல்லையைக் கடந்துவிட்டது. சபையோ அப்பாடலோடு சேர்ந்து கடக்கவில்லை.

புதுவைக்கு அருகிலேயே ஒரு மாற்றுச் சான்றும் உண்டு. லைப்சிக் மிஷன் சாதியைச் சமூக வழக்கமெனக் கருதி அதற்கு இடமளித்தது. அதை ஏற்க மறுத்து விலகிய கார்ல் ஒக்ஸ் என்னும் மிஷனெரி, 1860களின் தொடக்கத்தில் கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் புதிய பணித்தளத்தை அமைத்தார். பாகூரிலிருந்து தென்பெண்ணையைக் கடந்தால் அது தொலைவில் இல்லை. டேனிஷ் மிஷன் அப்பணியைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தோற்றம் அங்கேதான். சாதியைப் பற்றிய ஒரு மறுப்பே ஒரு திருச்சபையின் பிறப்புக்குக் காரணமாயிற்று என்பதை இப்பகுதிப் போதகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

2. ஆலயத்திலிருந்து தெருவுக்கு

இந்நிலையை அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அடிமைகளாக இருந்த காலத்தில் அவர்கள் படைத்த ஆன்மிகப் பாடல்களில் எகிப்தும் யோர்தானும் கானானும் விடுதலையின் குறிகளாயின. வெள்ளையரின் சபையில் பின்னிருக்கையும் மேல்மாடமும் ஒதுக்கப்பட்டபோது, அவர்களுள் பலர் தனிச் சபைகளை நிறுவிக்கொண்டனர். ஆகவே அவர்களுடைய ‘நாங்கள்’ என்ற குரலுக்கு ஓர் ஆலயமும், ஓர் இசை மரபும், ஒரு போதகர் வரிசையும் இருந்தன. 1871இல் ஃபிஸ்க் கல்லூரிப் பாடகர் குழு அப்பாடல்களை நாடெங்கும் எடுத்துச் சென்றது.

1955ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மாண்ட்கோமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்புத் தொடங்கிய இரவில் மக்கள் கூடியது ஓர் ஆலயத்தில். அவர்கள் பாடியது வழக்கமான திருச்சபைப் பாடல்களை. 381 நாள்கள் நீடித்த அப்போராட்டத்தில் ஆலயப் பாட்டு தெருவுக்கு வந்தது. 1961இல் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றபோது பாட்டு சிறைக்குள்ளும் சென்றது. அங்குச் சிறைப்பட்ட மாணவியருள் ஒருவர் பெர்னிஸ் ஜான்சன் ரீகன் (1942–2024). பாப்டிஸ்டு போதகரின் மகளான அவர் பழைய ஆன்மிகப் பாடலொன்றில் துன்பத்தைக் குறித்த ஒரு சொல்லை நீக்கி, அவ்விடத்தில் விடுதலை என்ற சொல்லை வைத்துப் பாடினார். மெட்டு அதுவே, கூடிப் பாடும் முறையும் அதுவே. சொல் ஒன்று மாறியதும் பாட்டின் திசை மாறியது. 1962இல் அமைந்த ‘விடுதலைப் பாடகர்’ குழுவில் அவரும் ஒருவரானார்.

‘நாம் வெல்வோம்’ என்ற பொருளுடைய புகழ்பெற்ற பாடலின் வரலாறும் நம் ஆய்வுக்கு உரியது. அதன் பழைய வடிவங்கள் ஒருமையில், ‘நான்’ என்று பேசின. 1945–46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலைத் தொழிற்சாலைக் கறுப்பினப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மறியலில் அதைப் பாடினர், ‘நான்’ பன்மையாயிற்று. டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளி வழியாக அது பரவி, 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் ராலே நகரில் கூடிய மாணவர்களைச் சென்றடைந்தது. அப்பன்மையைத் தமிழாக்க முற்படுபவர் உடனே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மறியலில் முதலாளியை நோக்கிப் பாடிய பெண்களின் பன்மை ‘நாங்கள்’. 1963இல் வாஷிங்டன் பேரணியில் கறுப்பரும் வெள்ளையரும் கைகோத்துப் பாடிய பன்மை ‘நாம்’. இடையே பல ஆண்டுகளும் பல சிறைவாசங்களும் உள்ளன. முதலாவதைக் கடவாமல் இரண்டாவது வரவில்லை.

தென்னாப்பிரிக்காவிலும் இவ்வாறே. மெதடிஸ்டுப் பள்ளியாசிரியரான ஈனோக் சொன்டோங்கா 1897இல் இயற்றிய ஒரு ஜெபப் பாட்டு, 1912இல் ஆப்பிரிக்க மக்களின் தேசிய மாநாட்டுத் தொடக்கக் கூட்டத்தில் பாடப்பட்டு, பின்னர் விடுதலை இயக்கத்தின் பாட்டாகி, இன்று அந்நாட்டின் தேசிய கீதத்தில் இடம் பெற்றுள்ளது. போராட்டப் பாடல்களை இயற்றிய தொழிற்சங்கத் தலைவர் வுயிசிலே மினி 1964இல் தூக்கிலிடப்பட்டார். பாட்டுக்கு ஆட்சியாளர் அஞ்சினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

3. பிறர் பாடிய பாட்டு

தமிழகத்தில் ஒடுக்கப்பட்டோரைப் பற்றிய பாட்டு நெடுங்காலமாக உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மற்றவர்கள் அவர்களுக்காகப் பாடிய பாட்டு. இதில் தலையாயது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியால் அது அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு நிலக்கிழாரைப் பாரதியார் படைத்தார். சிதம்பரம் போக விடை கேட்கும் பண்ணையாளுக்கும் விடை மறுக்கும் ஆண்டைக்கும் இடையே நிகழும் போராட்டமாகக் கதை விரிந்தது. பக்திக் கதையில் கூலியும் வயலும் நுழைந்தன. இது பெரிய மாற்றமே. ஆயினும் கதையின் முடிவு மாறவில்லை. தில்லைக்குள் நுழையுமுன் நந்தன் தீயில் மூழ்கி எழ வேண்டும். கோயில் உள்ளபடியே இருக்க, நுழைபவரே எரிந்து புதியவராக வேண்டும் என்பதே அதன் நியதி.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். 1913இல் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளைஞர் கனகலிங்கத்துக்கு அவர் பூணூல் அணிவித்தார். அக்காலத்தில் அது துணிவான செயல். எனினும் உயர்ந்தவரின் அடையாளத்தைத் தாழ்த்தப்பட்டவருக்கு வழங்குவதே அதன் முறை. தாழ்த்தப்பட்டவரின் அடையாளம் எதற்கும் அதில் மதிப்பு அளிக்கப்படவில்லை.

அடுத்த தலைமுறையில் புதுவைப் பள்ளியாசிரியர் பாரதிதாசன் (1891–1964) 1930இல் ‘தாழ்த்தப்பட்டார் சமத்துவப் பாட்டு’ என்ற நூலை வெளியிட்டார். ஓதுவதற்கன்றிக் கூட்டத்தில் பாடுவதற்கென்றே அமைந்த எளிய கண்ணிகளால் ஆனது அது. நம்மை இன்னும் நேராகத் தாக்குவது ‘ஏசுநாதர் ஏன் வரவில்லை?’ என்ற அவருடைய மற்றொரு பாட்டு. நகைப் பகட்டுக்கு இடங்கொடுத்துப் பாதிரியார் அழைத்ததும் நகை போட்ட பக்தர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த ஆலயத்துக்கு ஏசுநாதர் மட்டும் வரவில்லை என்பதே அதன் கருத்து. பகுத்தறிவாளர் ஒருவர் திருச்சபையை நோக்கி விடுத்த இவ்வினாவை 1745ஆம் ஆண்டின் சுவரையும் அதன் வழித்தோன்றல்களையும் நோக்கியும் நாம் கேட்கலாம். தீர்க்கதரிசனம் எப்போதும் சபைக்குள்ளிருந்தே வரும் என்று கொள்வதற்கில்லை.

இப்பாடல்களின் தொண்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் ‘நாங்கள்’ என்று பேசுபவர் ஒடுக்கப்பட்டவர் அல்லர், அவருக்காகப் பேசுபவர்.

4. தாமே பாடிய பாட்டு

தாமே பாடிய பாட்டின் வரலாற்றை எழுதுவது எளிதன்று. காரணத்தைப் பாகூரே எடுத்துக்காட்டும். 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. அங்கே வேதமும் சாத்திரமும் ஓதியவர்களுக்கு ஊர்கள் கிடைத்தன. அதற்குச் செப்பேடும் கிடைத்தது. அவ்வூர்களின் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள் பாடியதற்குச் செப்பேடு இல்லை. நடவுப் பாட்டும், தெம்மாங்கும், தாலாட்டும், ஒப்பாரியும் வாய்மொழியாகவே வாழ்ந்தன. அவற்றில் பண்ணையாரை ஏளனம் செய்யும் வரிகளும், குறைந்த கூலியைக் குறித்த முறையீடும் கலந்தே வந்தன. இறந்தவரைப் பாடும் ஒப்பாரியில் இருப்பவர் மீதுள்ள வழக்கையும் ஒரு பெண் சொல்லிவிடலாம். துக்கத்தில் சொன்னதற்குத் தண்டனை இல்லை. எதிர்ப்புப் பாட்டின் நாற்றங்கால் இதுவே.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அமைத்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். காரைக்காலிலிருந்து அது நெடுந்தொலைவில் இல்லை. அதே இரவில் நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. நந்தனின் தீயைப் பக்தியோடு பாடிய நாடு, வெண்மணியின் தீக்குப் புதிய பாட்டைத் தேட வேண்டியதாயிற்று.

வெண்மணி நினைவோடு இணைத்துப் பேசப்படும் பாடல் கவிஞர் இன்குலாப் (1944–2016) இயற்றிய ‘மனுசங்கடா’. அதைத் தமிழகமெங்கும் கொண்டு சென்ற குரல் கே. ஏ. குணசேகரனுடையது (1955–2016). சிவகங்கைப் பகுதியின் ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் பிறந்த அவர், நாட்டுப்புற இசைஞராகவும் ஆய்வாளராகவும் விளங்கி, புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையில் பேராசிரியராகப் பணியாற்றினார், புதுவையிலேயே மறைந்தார். ‘பலியாடுகள்’ என்ற நாடகமும், ‘வடு’ (2005) என்ற தன்வரலாறும் அவர் படைப்புகள்.

பாடலின் தலைப்பையே சற்று ஆராய்வோம். ‘மனுசங்க’ என்பது இலக்கியத் தமிழன்று, வயல்வெளித் தமிழ். அதன் பின் வரும் ‘டா’ என்ற விளியே அதன் உயிர். சேரியின் முதியவரையும் ஊர்ச் சிறுவன் ‘டா’ என்று அழைத்த நாட்டில், அச்சொல் முதன்முறையாகக் கீழிருந்து மேல் நோக்கித் திரும்புகிறது. இது வேண்டுதல் அன்று, அறிவிப்பு. கேட்பவர் இப்பாட்டின் ‘நாங்கள்’ என்பதற்கு வெளியே நிறுத்தப்படுகிறார். அவர் உள்ளே வர வேண்டுமானால் முதலில் அதைக் கேட்டாக வேண்டும். எழுதியவர் ஒருவராயிருக்க, பாடியவரின் வாழ்வு அச்சொல்லுக்கு உடல் கொடுத்தது.

5. பறை எழுப்பும் வினா

அமெரிக்க வரலாற்றில் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. இங்கே இசைக்கருவியே தீண்டாமைக்கு உட்பட்டது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகிறது. பறைதல் என்றால் சொல்லுதல். ஆயினும் பிற்காலத்தில் சாவு வீட்டிலும் ஊர்த் திருவிழாவிலும் பறையடித்தல் ஒரு சாதியின் கட்டாய ஊழியமாயிற்று. மறுத்தவருக்கு அடியும் ஊர்விலக்கும் கிடைத்தன. ஆகவே ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் பல, பறையை விட்டொழிப்பதையே விடுதலையின் முதற்படியாகக் கொண்டன. தென்னார்க்காட்டுத் தலைவர் எல். இளையபெருமாள் (1924–2005), 1965இல் அமைந்த நடுவண் அரசின் தீண்டாமைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், இவ்வூழியத்தைக் கைவிடும்படி தம் மக்களை வற்புறுத்தி வந்தார்.

பின்னர் வந்தவர்களோ அதே பறையைக் கலையாகவும் உரிமைக் குரலாகவும் கையில் எடுத்தனர். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த போதகர் ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005) திருச்சபைக்குள் இவ்வினாவை எழுப்பியவர்களுள் முதன்மையானவர். கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேலைநாட்டுப் பாமாலையும் சபையில் பெற்ற உயர்வுக்குப் பின்னால் சாதியும் வகுப்பும் உள்ளன என்று அவர் காட்டினார். கிராமிய மெட்டுகளில் பாடல்களையும் ஒரு வழிபாட்டு முறையையும் அமைத்தார். பறையை வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். இறைவனைத் தந்தை, தாய் இருவரையும் குறிக்கும் ‘பெத்தவரே’ என்ற சிற்றூர்ச் சொல்லால் அழைத்தார். ஒரே உலையில் சமைத்து உண்ணும் உறவையே அவர் திருவிருந்தின் பொருளாகக் கண்டார். கிராமியப் பாட்டைச் சிறப்பித்ததற்கு அவர் கூறிய காரணம் நுட்பமானது: அதை அச்சுப் புத்தகமோ விலையுயர்ந்த கருவியோ இன்றிப் பாடலாம், பாடுபவர் தமக்கேற்ப மாற்றியும் கொள்ளலாம். ஆல்பனி மாணவி ஒரு சொல்லை மாற்றியதும் இவ்வுரிமையினால்தான். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட பெண்களே பறையெடுத்து ஆடி வருவது அடுத்த படி.

பறையை விடுவதா, எடுப்பதா? வேதாகமத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. 137ஆம் சங்கீதத்தில், சிறைப்பிடித்தவர்கள் தங்கள் மகிழ்ச்சிக்காகப் பாடும்படி கேட்கையில் சிறைப்பட்டவர்கள் பாட மறுத்து, தங்கள் கருவிகளை மரங்களில் தொங்கவிட்டனர். கட்டாயத்தால் வாசிக்கும் இசையை மறுத்தலும் விசுவாசச் செயலே. பறையை எறிந்த முதியவரின் செயல் இச்சங்கீதத்தைச் சேர்ந்தது. யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்திலோ, கடலைக் கடந்தபின் மிரியாம் கருவியைக் கையிலெடுத்து ஆடிப் பாடுகிறாள். பெண்கள் அனைவரும் பின்தொடர்கிறார்கள். நம் சபைகளில் பெரிதும் வழங்கும் மொழிபெயர்ப்பு அக்கருவியைத் ‘தம்புரு’ என்கிறது. தமிழர் செவிக்கு அது கச்சேரி மேடையின் நரம்புக் கருவியையே நினைவூட்டும். மூலமொழியில் அது ‘தோப்’. வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திக் கையால் கொட்டும் பறை. விடுதலையின் முதல் பாட்டு தோற்கருவியோடு பாடப்பட்டது என்பதை நம் சபையார் இதுவரை செவியால் அறிய வாய்ப்பில்லாமற் போயிற்று.

மறுப்புக்கும் எடுப்புக்கும் இடையே இருப்பது விடுதலை. கட்டாயம் நீங்கிய கைதான் கருவியை எடுக்கலாமா என்று முடிவு செய்ய உரிமை பெற்றது.

6. பணித்தளத்திற்கு

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஏரிப் பாசனமும் நெல் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்களுக்குச் செல்லும் இளம் போதகர், ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் அமைப்பை அங்கும் காண்பார். பிரெஞ்சு ஆட்சி சட்டத்தின் முன் சமத்துவத்தைப் பேசியது. 1962 ஆகஸ்டு 16 முதல் இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த நாட்டோடு புதுவை சட்டப்படி இணைந்தது. சட்டம் தெருவை இணைத்துவிடவில்லை. இந்நிலையில் போதகர் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, கேட்க வேண்டும். நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் அறிந்த முதிய பெண்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடிருப்பர். அவர்களுடைய இசைவைப் பெற்று, பாடியவரின் பெயரோடு அவற்றை எழுதி வைப்பது இறையியல் மாணவருக்கு உரிய பணி. அது திருச்சபை வரலாற்றுக்குச் செப்பேடு எழுதும் பணியாகும்.

இரண்டாவது, பறையை மேடை அலங்காரமாக்கலாகாது. பேராயர் வருகையின்போது வரவேற்புக்கு மட்டும் சேரி இளைஞரைப் பறையடிக்கச் சொல்வது பழைய ஊழியத்தின் மறுபதிப்பே. பறையைக் கைவிட்ட மூத்தோரின் மனக்காயத்தையும், அதை எடுக்க விரும்பும் இளையோரின் பெருமிதத்தையும் ஒரே சபையில் வைத்துப் பேசச் செய்ய வேண்டும். முடிவு அவர்களுடையது. சபை வேண்டாம் என்றால் போதகர் தம் கோட்பாட்டுக்காக அதைத் திணிக்கலாகாது.

மூன்றாவது, கீர்த்தனைகளையும் பாமாலைகளையும் எறிய வேண்டியதில்லை. சாஸ்திரியாரின் பாடல்கள் அவருடைய சாதிக் கருத்தைக் கடந்து நம்மை வந்தடைந்தன. அவை எல்லாருக்கும் உரியவை. ஆனால் ‘நாம்’ என்று பாடுமுன் அந்த ‘நாம்’ எவரெவரைக் கொண்டது என்று சபை தன்னையே வினவ வேண்டும். யார் எங்கே அமர்கிறார்? பாத்திரம் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது? சேகரக் குழுவில் யார் இல்லை? இறந்தபின் யாரை எங்கே அடக்கம் செய்கிறோம்? இரண்டு கல்லறைத் தோட்டங்களை வைத்துக்கொண்டு ஒரே உயிர்த்தெழுதலைப் பாடுகிற சபையில், 1745ஆம் ஆண்டின் சுவர் ஆலயத்திலிருந்து கல்லறைக்கு இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே.

முடிவுரை

போராட்டப் பாட்டு தானாகச் சுவரை இடிப்பதில்லை. அதைப் பாடியவர்கள் பேருந்தில் ஏற மறுத்தனர், சிறை சென்றனர், கூலி கேட்டனர், கோயிலில் முறையிட்டனர். பாட்டு அவர்களை ஒன்றாக நிறுத்தியது. அச்சத்தின் நடுவே அவர்களுக்குக் குரல் கொடுத்தது. கேட்பவரைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. அவ்வாறு திரும்பிப் பார்த்தவர் தம் இருக்கையை விட்டு எழுந்து பாடுபவரின் அருகில் சென்று அமரும்போது, ‘நாங்கள்’ என்று தொடங்கிய பாட்டு அடுத்த அடியில் ‘நாம்’ என்று மாறலாம். அந்த அடியைப் பாடும் உரிமை தொடங்கியவருக்கே உண்டு. நம் கடமை அதுவரை பொறுமையோடு கேட்பதும், சுவரின் நம் பக்கத்துக் கற்களை அகற்றுவதும் ஆகும்.